தூசிக்குள் இருக்கும் இரும்பு
(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில், மூட்டையின் அடியில் தங்கும் கரித்தூளை யாரும் வீணாகக் கொட்டமாட்டார்களாம். களிமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, வெயிலில் காய வைத்து அடுப்பில் இடுவார்களாம். தூளை அப்படியே போட்டால் காற்றுப் புக வழியின்றி நெருப்பு அணைந்துவிடும். உருண்டைகளாக்கினாலோ இடுக்குகளின் வழியே காற்று ஓடும். பெரிய இரும்பாலைகளும் இதே வித்தையைத்தான் கையாளுகின்றன என்று அறிந்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை.

ஊதுலையைப் பற்றி நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். மேலிருந்து இரும்புத்தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை இடுகிறார்கள். கீழிருந்து 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேற்றிய காற்றை ஊதுகிறார்கள். ஒரு டன் இரும்பு கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை டன் தாது வேண்டும். உலையின் உச்சி வழியே வெளியேறும் வாயு சும்மா போவதில்லை. இரும்பும் கரியும் கலந்த தூசியை வாரிக்கொண்டு போகிறது. எஃகு செய்யும் இடத்திலும் தூசியும் சேறும் சேர்கின்றன. சிவக்கக் காய்ந்த எஃகை உருளைகளுக்கிடையே தகடாக்கும்போது மேல்தோல் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தச் செதிலில் நூற்றுக்கு 70 பங்கு இரும்பே! ஆனால் தூளாக உலையில் இட்டால் பாதி மேலே பறந்துவிடும்; மீதி காற்றின் வழியை அடைத்துவிடும்.

ஆகவே தூளைக் கட்டியாக்க வேண்டும். பல ஆலைகளில் தூளைச் சுட்டுக் கட்டியாக்கும் தனிப் பிரிவு உண்டு. ஸ்வீடன் நாட்டின் லூலியோ நகர ஆலையில் அது இல்லாததால், 1990-களில் தூசியுடன் சிமெண்டும் தண்ணீரும் கலந்து, நடைபாதைக் கற்கள் செய்வது போன்ற எந்திரத்தில் அதிர்த்து அழுத்தி, ஆறுமுகக் கட்டிகளாக வார்க்கத் தொடங்கினார்கள். இக்கட்டிகளுக்குப் ‘பிரிக்கெட்’ என்று பெயர். தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பொருளே பிணைப்பான். சிமெண்டு, சுண்ணாம்புடன் கரும்பாலைக் கழிவுப்பாகு, மாவுப்பசை எனப் பிணைப்பான்கள் பல. நம் முன்னோர் சுண்ணாம்பில் கருப்பட்டி கலந்து சுவர் எழுப்பியது நினைவுக்கு வருகிறதல்லவா?

எது சிறந்தது? நானே செய்து பார்க்க எண்ணினேன். எங்கள் தெருக்கோடிக் கொல்லுப்பட்டறையில் பட்டடைக் கல்லைச் சுற்றி உதிர்ந்து கிடந்த செதிலை அள்ளி வந்து இடித்துச் சலித்தேன். (அம்மாவின் சல்லடை என்பதால் திட்டும் கிடைத்தது.) சோற்றுக் கஞ்சியில் ஒன்று, வெல்லப்பாகும் சுண்ணாம்பும் சேர்த்து ஒன்று, சிமெண்டில் ஒன்று எனப் பிடித்துக் காய வைத்தேன். கஞ்சிக் கட்டி கல் போல இறுகியது. ஒரே மழையில் கரைந்து போயிற்று. வெல்லக் கட்டியை எறும்புகள் மொய்த்துக்கொண்டன. நான் மிகவும் நம்பியிருந்த சிமெண்டுக் கட்டியோ, கையில் எடுத்ததுமே பொடியாயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் பூச வந்திருந்த கொத்தனார் தாத்தா பார்த்துச் சிரித்தார். “வெயிலிலே போட்டியாம்மா? சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகும்” என்றார். மறுபடி செய்து, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் வைத்தேன். மாடியிலிருந்து போட்டும் உடையவில்லை.

உடையாதிருந்தால் மட்டும் போதாது; சூட்டையும் தாங்க வேண்டுமே! வெல்லக் கட்டியை அடுப்புத் தணலில் வைத்ததும் பாகு கருகி நாற்றமெடுத்து உதிர்ந்தது. சிமெண்டுக் கட்டி நின்றது. ஆனால் ஊதுலையின் சூட்டில் சிமெண்டும் தான் குடித்த நீரை இழந்து வலுக்குறைகிறது. அதற்குள் தூசியில் உள்ள கரி, துருவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துவிட வேண்டும். அப்போது பிறக்கும் இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோலக் கட்டியைத் தாங்கிக்கொள்ளும். சிமெண்டை அதிகம் கலந்தால் என்ன என்று கேட்கலாம். அதிலுள்ள சுண்ணாம்பும் மணலின் சத்தும் கசடாக மாறும். அந்தக் கசடை உருக்கவும் கல்கரி எரிய வேண்டும். எனவே நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவிலேயே சேர்க்கிறார்கள்.

இன்னொரு பகையும் தூசிக்குள் ஒளிந்திருக்கிறது. அது துத்தநாகம்! துத்தநாக முலாம் பூசிய பழைய தகடுகளை எஃகு உலையில் போடும்போது அது தூசியில் சேர்ந்துவிடுகிறது. 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும் துத்தநாகம், ஊதுலைக்குள் மேலே ஏறிக் குளிர்ந்து படிந்து, மறுபடி கீழே இறங்கி, வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவரின் செங்கல் இடுக்குகளில் புகுந்து அவற்றைச் சிதைக்கும். அதனால் துத்தநாகம் மிகுந்த சேற்றை ஊதுலைக்குத் திருப்பி அனுப்புவதில்லை. ஜப்பானின் கிமிட்சு ஆலையில் 2000-ஆம் ஆண்டு முதல் அதற்கெனச் சுழலும் அடுப்பொன்றை அமைத்தார்கள். அதில் துத்தநாகம் ஆவியாகத் தனியே பிரிந்து விலைபோகிறது. இரும்பு கட்டியாகவே நின்று உலைக்குத் திரும்புகிறது.

என்னுடைய சிமெண்டுக் கட்டி இப்போது அறிவியல் ஆய்வுக்கூடத்துச் சன்னலோரம் இருக்கிறது. காந்தத்தை அருகே கொண்டு போனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் சிஸ்டரிடம் கேட்டுவிட்டுப் பார்க்கலாம்.