பெயரைக் கேட்டு விலாசம் அறிதல்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில், சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் நெருங்கி நிற்கும் அருள்புரத்தில், துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு, டெலிவரி சலானில் எழுதிய பெயர் ஒன்றை மட்டும் நம்பி வருகிற டெம்போக்காரர் பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏனுங்கண்ணா, இந்தக் காம்பேக்டிங் எங்கீங்க இருக்குது?" என்று விசாரிப்பதும், உள்ளிருப்பவர், "அவங்க போன மாசமே எடம் மாத்திட்டாங்களே, வீரபாண்டி பிரிவுல போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்புவதும் தினந்தோறும் நிகழ்கிற காரியம். பெயர் அப்படியே இருக்கிறது, இருப்பிடம் மாறிவிட்டது. பழைய விலாசத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நிற்கிறார். கேட்டுக் கேட்டுப் போகிறவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிச் செல்லும் விதமும் இதுவே என்பதையும், அந்த விசாரணையைச் செய்து தருகிற சிறியதொரு லைப்ரரி நம் ஊர்த் தொழிலில் எத்தனை பாரத்தைச் சுமக்கிறது என்பதையும் நான் அறிந்துகொண்டது ஒரு நஷ்டத்தின் மூலமாகத்தான்.

சில வருஷங்களுக்கு முன், எனக்கு வேண்டியவர் ஒருவர் அங்கே நடத்திய ஏற்றுமதி யூனிட்டில், அட்டைப்பெட்டிகளின்மேல் ஒட்டவேண்டிய பார்கோடு ஸ்டிக்கர்களுக்கான விவரங்களை, அயல்நாட்டு பையரின் சர்வரிலிருந்து இரவுதோறும் இறக்கிக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். அதை எழுதியவர், சர்வரின் பெயரைக் குறிப்பிடாமல், அன்றைக்கு அதற்கு இருந்த எண் விலாசத்தை, அதாவது ஐ.பி. முகவரியை, நேராகவே உள்ளே பதித்துவிட்டார். இரண்டு வருஷம் குறைவின்றி ஓடிற்று. பையர் தம் சர்வரை வேறிடத்துக்கு மாற்றிய இரவில் விவரங்கள் வரவில்லை. பெட்டிகள் கட்டி முடிந்தும் ஸ்டிக்கர் இல்லாமல் அடுக்கடுக்காக நின்றன. தூத்துக்குடிக்குப் புறப்படவேண்டிய லாரி மறுநாள் சாயங்காலம்வரை காத்துக் கிடந்தது. பையருடைய சர்வரின் பெயர் அந்த இரவிலும் மாறாமல்தான் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் புதிய விலாசம் கிடைத்திருக்கும்.

இப்படிக் கேட்பதற்கென்று ஓர் ஏற்பாடு உலகத்தில் தோன்றிய விருத்தாந்தம் சுவாரசியமானது. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கம்ப்யூட்டர்கள் சில நூறாக இருந்த காலத்தில், பெயர்களையும் எண்களையும் கொண்ட ஒரே ஒரு ஜாபிதாவை, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணியின் தலைமையில் இயங்கிய சிறு குழுவினர் பராமரித்து வந்தார்கள்; மற்றவர்கள் அதை அவ்வப்போது பிரதி செய்துகொள்வார்கள். கம்ப்யூட்டர்களின் தொகை பெருக, அந்த ஜாபிதா பழசாகிக்கொண்டே போயிற்று. ஒரே இடத்தில் எல்லோரும் வந்து கேட்பதும் அசாத்தியமாயிற்று. 1983ஆம் வருஷத்தில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஒருவரே எல்லாவற்றையும் அறிந்திருக்கவேண்டிய அவசியத்தை அடியோடு நீக்கி, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டும் அறிந்திருந்தால் போதும் என்னும் வகையில் டி.என்.எஸ். என்ற பெயர் முறையை வகுத்தார்.

இந்த யுக்தியை அருள்புரத்துக்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதே இல்லை. நூல் வாங்குகிறவர் நிட்டிங்காரரை அறிவார். நிட்டிங்காரர் சாயப்பட்டறையை அறிவார். சாயப்பட்டறைக்காரர் காம்பேக்டிங்கை அறிவார். கட்டிங் மேஜைக்குத் துணி வந்து சேரும்வரை முழு வழியையும் அறிந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் துணி வழிதவறுவதில்லை. அதுபோல, பெயரின் வலது கோடியிலிருந்து விசாரணை தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மூலமாக 13 பெயர்களில் ரூட் சர்வர்கள் உள்ளன. அவற்றின் பிரதிகள் உலகெங்கும் பரவியிருக்க, 2005இல் சென்னையிலும் ஒரு பிரதி வைக்கப்பட்டது. பெயர் 'இன்' என்று முடிந்தால், ரூட் சர்வர், "அந்தப் பகுதியை இன்னார் அறிவார்" என்று இந்தியப் பதிவேட்டைக் காட்டுகிறது. பதிவேடு அந்தக் கம்பெனியின் சொந்த சர்வரைக் காட்டுகிறது. அது மட்டுமே முடிவான விலாசத்தைச் சொல்கிறது. சொல்லும்போது ஒரு தவணையும் உடன் வருகிறது. 3,600 என்று குறித்திருந்தால், ஒரு மணி நேரத்துக்கு இந்த விடையை நம்பலாம், பிறகு மறுபடி கேட்கவேண்டும் என்று அர்த்தம். உலகத்தின் கோடானுகோடிக் கேள்விகளுக்கிடையே ரூட் சர்வர்கள் மூச்சுத் திணறாமலிருப்பதற்கு, இடைவழியிலுள்ளவர்கள் விடைகளைத் தவணைவரை ஞாபகம் வைத்திருப்பதே பெரும் காரணம்.

புரோகிராம் எழுதுகிறவர் இத்தனை படிகளையும் தாமே ஏறி இறங்க வேண்டாம் என்பதற்காகத்தான் லைப்ரரி இருக்கிறது. 1983இல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்னும் பங்ஷனிடம் பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கொண்டுவந்து தரும். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் அதனிடம் சிலேட்டுப் பலகை ஒன்றே ஒன்று இருந்தது. முதல் விடையை நாம் படித்து முடிப்பதற்குள் வேறொருவர் கேட்டுவிட்டால், அதே பலகையை அழித்து அடுத்த விடையை எழுதிவிடும். தவிர, நான்கு பகுதிகளாகப் புள்ளி வைத்து எழுதும் பழைய எண்களைத் தவிர வேறெதையும் நடைமுறையில் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அந்தப் பழைய முறையில் கூடுமான மொத்த விலாசங்கள் 4,294,967,296. மையக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3ஆம் தேதி பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. 128 பிட் நீளமுள்ள ஐ.பி.வி.6 விலாசங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டபடியால், இரண்டு வகையையும் ஒருங்கே கையாளவல்ல 'கெட்அட்ரின்ஃபோ' என்பதைக் கற்றவர்கள் வகுத்தார்கள். பழையது இன்னும் அநேக புரோகிராம்களில் வாழ்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் அடிப்படை லைப்ரரியில், அந்தப் பழைய பங்ஷனின் உட்பகுதியில், 2000இல் நுழைந்த ஒரு பிழை அந்நியர் உட்புக வழிவிடக்கூடியது என்பது 2015 ஜனவரியில்தான் அம்பலமாயிற்று. புதிதாக எழுதுகிற எவரும் பழையதைத் தொடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதிய பங்ஷன் ஒரு விடையோடு நிற்பதில்லை. ஒரு வரிசையையே தருகிறது. முதல் விலாசத்தில் பதில் இல்லையென்றால் இரண்டாவதை, அதிலும் இல்லையென்றால் மூன்றாவதை நாடவேண்டும் என்பது அதன் கருத்து. முதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுகிற புரோகிராம்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன், ஐ.பி.வி.6 வழி எங்கோ அடைபட்டிருக்கும் நாளில் அவை காத்துக் காத்துத் தோற்றுப்போகும். இன்னொரு நுட்பமும் உண்டு. விடை கிடைக்காதபோது, 'அப்படியொரு பெயர் இல்லை' என்பதும், 'இப்போது சொல்ல இயலவில்லை, பிறகு கேள்' என்பதும் அதனிடம் இரு வேறு பதில்கள். மின்சாரம் போய் வரும் நேரத்திலோ, இணைப்பு அறுந்த க்ஷணத்திலோ கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் கருதி வேலையை நிறுத்திவிடுவது, கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை என்பதற்காக, அந்தக் கம்பெனியே ஊரில் இல்லையென்று டெம்போவைத் திருப்பிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

நண்பரின் யூனிட்டில் இளைஞர் ஒருவர் எண்ணை நீக்கிப் பெயரைப் பதித்தார். சில மாதங்களில் சர்வர் மறுபடி இடம் மாற, ஸ்டிக்கர் மறுபடி நின்றது. காரணம் தேடியபோது, புரோகிராம் உயிர்பெற்றதும் ஒருதரம் கேட்டுவிட்டு, பெற்ற விடையை வாரக்கணக்கில் கையிலேயே வைத்திருந்தது தெரியவந்தது. தவணை எவ்வளவு என்பதைக் கெட்அட்ரின்ஃபோ நமக்குச் சொல்வதில்லை. ஆகையால் புதிதாக இணைப்பை ஏற்படுத்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதே முறை. அதற்கு ஆகும் காலம் பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. அன்றைக்குத் திருத்தியபின் ஸ்டிக்கர் இன்றுவரை நிற்கவில்லை.

பெயர்கள் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கவேண்டுமா என்ற கேள்வியில் தமிழருக்கு விசேஷப் பாத்தியதை உண்டு. பிற எழுத்துகளில் களப்பெயர் அமைக்கும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ முதலானோரால் முன்னெடுக்கப்பட்டது. 2007இல் உலகளாவிய சோதனைக்காக ரூட் சர்வர்களில் சேர்த்த பதினொரு முடிவுகளில் ஒன்று தமிழ், 'உதாரணம்.பரிட்சை' என்று தட்டினால் ஒரு பக்கம் திறந்தது. பின்பு 'சிங்கப்பூர்', 'இலங்கை', 'இந்தியா' ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே நிலையான முடிவுகளாயின. ஆயினும் டி.என்.எஸ்ஸின் உள்வழியில் இன்றும் ஓடுவது ஆங்கில எழுத்துதான். தமிழ்ப் பெயரை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஒரு சங்கேத வடிவமாக மாற்றியே கேட்கவேண்டும். 2003இல் வகுத்த இந்த மாற்று முறைக்குப் பியூனிகோடு என்று பெயர். மாற்றிக் கேட்கும் பொறுப்பு கேட்கிறவருடையது.

அண்மையில் அதே இளைஞரிடம், 'இந்தியா' என்று முடியும் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொடுத்து விசாரிக்கச் சொன்னேன். பைதான் மொழியில் எழுதிய பாகம், தானாகவே பெயரை மாற்றிக்கொண்டு, நொடியில் விலாசத்தைச் சொல்லிற்று. சி மொழியில் எழுதிய ஸ்டிக்கர் பாகமோ, 'அப்படியொரு பெயர் இல்லை' என்றது. மாற்றிக் கேள் என்கிற குறிப்பை அதற்குத் தனியே கொடுக்கவேண்டும், யாரும் கொடுத்திருக்கவில்லை. "நம்ம எழுத்துல கேப்பாங்கன்னு நினைக்கவே இல்லீங்கய்யா" என்றார் இளைஞர். ஷிப்ட் மணி அடிப்பதற்குள் அந்தக் குறிப்பைச் சேர்த்துவிட்டு, அதே பெயரை இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார்.