வாசிப்பதற்காகப் பிறக்காத மூளை

மாணவர்களே, ஒரு வெள்ளைத்தாளையும் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகிய நான்கு நிறப் பேனாக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இந்த நிறங்களின் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: சொல் ஒரு நிறமாகவும் மை வேறு நிறமாகவும் இருக்க வேண்டும். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதுங்கள். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இப்படி மாற்றி மாற்றி 20 சொற்களை எழுதி முடியுங்கள். இன்னொரு தாளில், அதே நான்கு நிறங்களில் வெறும் புள்ளிகள் மட்டும் 20 வையுங்கள்.

முதலில் புள்ளிகளின் நிறத்தை வரிசையாக, வேகமாகச் சொல்லுங்கள். அடுத்து, சொற்கள் உள்ள தாளை எடுத்து, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் இரண்டுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். சொற்கள் உள்ள தாளில் நாக்கு தடுமாறும். நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டே 'சிவப்பு' என்று வாய் சொல்லிவிடும்.

1935ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இந்தச் சோதனையை வெளியிட்டார். 100 நிறங்களைச் சொல்ல அவருடைய மாணவர்களுக்கு ஏறக்குறைய 63 வினாடிகள் ஆயின. அந்த நிறங்கள் பொருந்தாத சொற்களின் மையாக வந்தபோது 110 வினாடிகள் ஆயின. காரணம் எளியது. நன்றாக வாசிக்கத் தெரிந்தவரால் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அதை வாசிக்காமல் இருக்க முடியாது. வாசிப்பு அவரைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. எழுத்தே தெரியாத குழந்தையிடம் அதே தாளைக் கொடுத்தால் அது தடுமாறாது. அப்படியென்றால் தடுமாற்றம் நல்ல வாசகரின் அடையாளம்!

இப்போது அதே சோதனையை மலாய்ச் சொற்களாலும் ஆங்கிலச் சொற்களாலும் செய்து பாருங்கள். எந்த மொழித் தாளோ, அந்த மொழியிலேயே புள்ளிகளின் நிறத்தையும் மையின் நிறத்தையும் சொல்லுங்கள். ஒவ்வொரு மொழியிலும், சொல் தாளுக்கு ஆன நேரத்திலிருந்து புள்ளித் தாளுக்கு ஆன நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் வித்தியாசம் அதிகம்?

ஆங்கிலத்தில் நன்றாகத் தடுமாறிவிட்டு, தமிழ்த் தாளைச் சுலபமாக முடித்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் மூளை தமிழை இன்னும் தானாக வாசிக்கவில்லை, முயன்றுதான் வாசிக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஒருமுறை செய்து முடிவுக்கு வர வேண்டாம். மொழிகளின் வரிசையை மாற்றிச் சில நாள்கள் செய்து பாருங்கள்.

கண்ணுக்குக் கிடைத்த புது வேலை

பேசுவதற்கு யாரும் நமக்கு வகுப்பு எடுக்கவில்லை. வீட்டில் நாலு பேர் பேசினால் போதும், குழந்தை பேசிவிடும். வாசிப்பு அப்படி இல்லை. மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய ஈராக் பகுதியில் சுமேரியர்கள் எழுதத் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது. பரிணாம வளர்ச்சியில் இது கண்மூடித் திறக்கும் நேரம். வாசிப்பதற்கென்றே ஓர் உறுப்பு மூளையில் உருவாக இந்தக் காலம் போதாது.

பிறகு எப்படி வாசிக்கிறோம்? மூளை, வேறு வேலைக்காக வைத்திருந்த ஓர் இடத்தை எழுத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. இதற்கான முதல் தடயம் பாரிஸ் நகரில் கிடைத்தது. 1887இல் அங்கு வாழ்ந்த வணிகர் ஒருவர், திடீரென்று தம்மால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை என்பதைக் கண்டார். பார்வை இருந்தது, பேச்சு இருந்தது, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் தெரிந்தது, எண்களைக்கூடப் படிக்க முடிந்தது. எழுதவும் முடிந்தது. ஆனால் தாம் எழுதியதைத் தாமே வாசிக்க முடியவில்லை! அவரை ஆராய்ந்த மருத்துவர் ஜூல் டெஜரின், மூளையின் இடது பக்கப் பின்பகுதியில் ஏற்பட்ட சேதமே காரணம் என்று 1892இல் விளக்கினார்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்ததும் அந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிரான்சு நாட்டு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் அதை மூளையின் 'தபால்பெட்டி' என்று அழைக்கிறார். சீனமோ ஆங்கிலமோ, எதை வாசித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான் வேலை செய்கிறது. 2010இல் அவருடைய குழு போர்த்துகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையை ஆராய்ந்தது. சிலர் எழுத்தறிவு இல்லாதவர்கள், சிலர் வயதான பிறகு கற்றவர்கள், சிலர் சிறுவயதிலேயே பள்ளிக்குப் போனவர்கள். வாசிக்கும் திறன் கூடக் கூட, அந்த இடம் எழுத்துக்குக் காட்டும் துடிப்பும் கூடியிருந்தது.

வாசிப்பு பிறவிக் குணம் இல்லை, பயிற்சியால் கட்டப்படுவது. நடக்க நடக்கத்தான் காட்டில் ஒற்றையடிப் பாதை உருவாகும். ஆள் நடமாட்டம் குறைந்தால் பாதை புல் மூடிப்போகும்.

உலகெங்கும் குறையும் நடமாட்டம்

அமெரிக்காவில், ஒரு நாளில் தம் விருப்பத்துக்காக எதையாவது வாசித்தவர்கள் 2004இல் 28 விழுக்காட்டினர். 2023இல் அது 16 விழுக்காடு. பிரிட்டனில் 8 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களில், வாசிப்பது பிடிக்கும் என்று 2005இல் சொன்னவர்கள் பாதிப் பேர். 2025இல் அது மூன்றில் ஒருவராகக் குறைந்துவிட்டது.

நம் நாட்டு நிலை என்ன? 15 வயது மாணவர்களுக்கு உலக அளவில் நடத்தப்படும் பிசா தேர்வில், மலேசியா வாசிப்புக்கு 2018இல் 415 புள்ளிகள் பெற்றது. 2022இல் அது 388ஆக இறங்கியது. ஓஇசிடி நாடுகளின் சராசரியும் 487இலிருந்து 476ஆகக் குறைந்தது. பக்கத்திலுள்ள சிங்கப்பூர் 543 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. புள்ளிகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஓரளவு நீளமான ஒரு பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடிக்கும் அடிப்படை நிலையை எட்டிய மலேசிய மாணவர்கள் 42 விழுக்காட்டினர் மட்டுமே. ஓஇசிடி சராசரி 74 விழுக்காடு. இத்தனைக்கும் அந்தத் தேர்வு தமிழில் நடப்பதில்லை. பள்ளியில் நாள்தோறும் பயன்படும் மொழிகளிலேயே நிலை இது என்றால், தமிழ் வாசிப்பு எப்படி இருக்கும்?

"கைப்பேசியில் நாள் முழுதும் வாசித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திரையில் கண் நடந்துகொள்ளும் விதம் வேறு. இணையப் பக்கங்களைப் பார்ப்பவர்களின் கண் அசைவை ஆராய்ந்தவர்கள், பலரும் முதல் சில வரிகளை மட்டும் முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடுவதை 2006இல் கண்டறிந்தார்கள். அதாவது, மேய்கிறோம். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 54 முந்தைய ஆய்வுகளில் பங்கேற்ற 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் கட்டுரைகளைத் தாளில் படித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்திருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வித்தியாசம் இன்னும் பெரிதானது. கதைகளில் மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

தமிழ் வாசகருக்குக் கூடுதல் வேலை

'கொக்கு' என்று எழுதிப் பாருங்கள். காதில் முதலில் 'க்' என்ற ஒலியும் அதன் பிறகு 'ஒ' என்ற ஒலியும் விழுகின்றன. தாளிலோ அந்த 'ஒ', ஒற்றைக் கொம்பும் காலுமாகக் ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க' இருந்தாலும் ஒலி மூன்று விதம். எது எங்கே வரும் என்று யாரும் யோசித்துப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தானாகத் தெரிகிறது. பழகாத கண் ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போகும்.

நின்று போனால் என்ன நட்டம்? நம்முடைய உடனடி நினைவில் ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்கள்தான் தங்கும். எழுத்துக் கூட்டுவதற்கே அந்த இடம் செலவானால், பொருளுக்கு இடம் இருக்காது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். யார் யாருக்கு எதை எங்கே என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு போனால்தான், 'கொடுத்தாள்' என்றோ 'கொடுக்கவில்லை' என்றோ முடியும்போது பொருள் புரியும். மெதுவாக வாசிப்பவருக்கு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். "தமிழ் கஷ்டம்" என்று பல மாணவர்கள் சொல்வதற்கு மொழி காரணமாக இல்லாமல், வேகக்குறைவே காரணமாக இருக்கலாம்.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்.

வாசிப்பு = எழுத்தைச் சொல்லாக்கும் திறன் × மொழியைப் புரிந்துகொள்ளும் திறன்

வீட்டில் தமிழ் பேசும் ஒரு மாணவியின் மொழியறிவு 0.9 என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எழுத்துத் திறனும் 0.9 இருந்தது. பெருக்கினால் 0.81. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு தமிழ் வகுப்பு வாரத்தில் ஓரிரு முறைதான். சில பள்ளிகளில் அதுவும் பாட நேரத்துக்கு வெளியே. படிவம் மூன்றுக்கு வரும்போது எழுத்துத் திறன் 0.5ஆகத் தேய்ந்தால், விடை 0.45. பேச்சுத் தமிழ் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் வாசிப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது! இவை புரிவதற்காகச் சொன்ன எண்கள்தாம். ஆனால் பெருக்கலின் குணம் உண்மையானது. ஒரு பக்கம் சரிந்தால், மறுபக்கம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் முழுதாகக் காப்பாற்றாது.

புலனத்தில் "சாப்டியா?" என்று நண்பரைக் கேட்கிறீர்கள். கேட்பது தமிழ்தான். ஆனால் அதை ஆங்கில எழுத்தில் தட்டினால், கண்ணுக்கும் மூளைக்கும் கிடைக்கும் எழுத்துப் பயிற்சி தமிழுக்குப் போய்ச் சேராது. தமிழ்ப் படமும் பாட்டும் வானொலியும் காதுக்கு நல்லவை. அவற்றால் கண் பழகாது. மேலும், 'வந்துட்டேன்' என்று கேட்டுப் பழகியவருக்கு 'வந்துவிட்டேன்' என்பது பெரும்பாலும் அச்சில்தான் அறிமுகமாகும். எழுத்துத் தமிழ் வாழும் இடமே புத்தகமும் செய்தித்தாளும்தான்.

பாதையைத் திருத்தலாம்

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு வயது வரம்பு இல்லை. போர்த்துகல், பிரேசில் ஆய்வில், பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் அந்த மாற்றம் நடந்திருந்தது.

அதிக நேரமும் தேவையில்லை. 1988இல் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. நூறு பேரை வாசிக்கும் நேரப்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் பள்ளிக்கு வெளியே நாளுக்கு 5 நிமிடம்கூட நூல் வாசிக்கவில்லை. மேலிருந்து பத்தாவது இடத்தில் நிற்பவர் வாசித்தது 21 நிமிடம். இந்த 16 நிமிட வித்தியாசம் ஓர் ஆண்டில் என்ன செய்தது தெரியுமா? முன்னவர் கண்ணில் பட்ட சொற்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 82 ஆயிரம். பின்னவருக்கோ 18 லட்சத்துக்கும் மேல்!

நான்கு வாரங்களுக்கு இதைச் செய்து பாருங்கள்.

ஒன்று, நாள்தோறும் 15 நிமிடம் தமிழில் வாசியுங்கள். காற்பந்துச் செய்தி, துப்பறியும் கதை, சினிமாப் பக்கம் எதுவானாலும் சரி. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் புரியவில்லை என்றால், இப்போதைக்கு இன்னும் எளிதான ஒன்றை எடுங்கள். தம்பி தங்கையின் புத்தகமாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம்.

இரண்டு, அதில் ஒரு சிறு பத்தியை மூன்று நான்கு முறை வாய்விட்டு வாசியுங்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வேகத்தைக் கூட்டும் என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மூன்று, வீட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பும் செய்திகளையாவது தமிழ் எழுத்தில் தட்டுங்கள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும்.

நான்கு, உங்கள் வேகத்தை அளந்து வையுங்கள். இந்த இதழில் ஒரு கட்டுரையை எடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் வாசித்தீர்கள் என்று எண்ணி நாள்காட்டியில் குறியுங்கள். ஆங்கிலம் வாசிப்பவரின் சராசரி நிமிடத்துக்கு 238 சொற்கள். அதனோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம். 'படிக்காதவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொற்கள் வேண்டும். உங்களை நீங்களே போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

வகுப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒவ்வொருவருடைய எண்ணையும் வாரந்தோறும் வரைபடமாகப் போட்டால், உங்கள் பள்ளி அறிவியல் கழகத்துக்கு ஒரு சிறு ஆய்வே கிடைத்துவிடும். இன்று நாள் குறித்து, முதல் ஒரு நிமிடத்தைத் தொடங்குங்கள்.