பலா மரத்துக்கு எதற்கு சாயம்? தஞ்சாவூர் வீணையின் நிறம் சொல்வதும் மறைப்பதும்

தஞ்சாவூருக்கு வீணை வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது நிறத்தின் மேல்தான். பளபளவென்று செம்பழுப்பாக ஒரு வீணை இருந்தால், 'பழைய மரம், நல்லா வைரம் பாய்ஞ்ச கட்டை' என்று மனசு முடிவு கட்டிவிடும். பக்கத்திலேயே மஞ்சளாக ஒன்று இருந்தால், 'இது புதுசு போல' என்று தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு முடிவுமே தப்பாக இருக்கலாம்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. பலாவின் உள்மரத்தை, அதாவது வைரத்தை, புதிதாக அறுத்துப் பார்த்தால் மஞ்சள் பூசியது போல இருக்கும். மோரின் என்ற இயற்கைச் சாயப்பொருள்தான் அதற்குக் காரணம். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புத்த பிக்குகளின் அங்கிக்குச் சாயம் ஏற்ற, பலாச் சீவல்களைக் கொதிக்க வைத்து அந்த நீரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆக, துணிக்கே நிறம் கொடுக்கிற மரம் இது.

வெளிச்சமும் காற்றும் பட, வருஷங்கள் போகப் போக, இந்த மஞ்சள் தானாகவே பழுப்பாகி, பிறகு செம்பழுப்பாகும். பாட்டி வீட்டுப் பழைய வீணை அப்படி இருப்பது அதனால்தான். ஆனால் போன மாதம் செய்த வீணை அதே நிறத்தில் இருந்தால், அந்த நிறம் டப்பாவிலிருந்து வந்தது. அது ஏமாற்று வேலை இல்லை. கேட்கிறவர்கள் அந்த நிறத்தைத்தான் கேட்கிறார்கள். நிறத்துக்கு அடியில் என்ன மரம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாயம் வேறு, ஸ்டெயினர் வேறு, பாலிஷ் வேறு

கடையில் எல்லாவற்றையும் 'கலர்' என்றே சொல்வார்கள். மூன்றும் செய்யும் வேலை வேறு.

சாயம் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ முழுக்கக் கரைந்து மரத்துக்குள் இறங்கும். மர ரேகை தெளிவாகத் தெரியும். ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். ஸ்டெயினர் என்பது நுண்ணிய நிறத்தூள். அது கரையாது, மரத்தின் துளைகளில் போய் உட்காரும். வெயிலைத் தாங்கும், ஆனால் கனமாகப் பூசினால் ரேகையை மூடிவிடும். பாலிஷ் இந்த இரண்டுக்கும் மேலே போடும் காப்புப் படலம்.

பழைய முறைப் பாலிஷ் என்றால் அரக்கு. மகாபாரதத்தில் அரக்கு மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு, பூச்சியிலிருந்து கிடைப்பது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை வைத்துக் கட்டிய துணியால் மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். இதற்குத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்று பெயர். படலம் மெல்லிசாக இருப்பது இசைக்கருவிக்கு நல்லது; தடித்த பூச்சு மேல்பலகையின் அதிர்வை அடக்கிவிடும். ஒரு பலவீனமும் உண்டு. ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். கையில் சானிடைசர் ஈரத்தோடு வீணையைத் தூக்கினால் விரல் தடம் அப்படியே பதிந்துவிடும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல், மழை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. ஐப்பசி அடைமழைக் காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப்போகும். மார்கழிக் கச்சேரிக்கு முந்தைய மாதங்கள்தான் இங்கே மழை மாதங்கள் என்பது தொழில் செய்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி.

நிறம் எதை மறைக்கும்?

மரத்தின் வெளிப்பகுதி, அதாவது வெளிறு, வெளிர் நிறமாக இருக்கும். பூச்சி முதலில் அங்கேதான் வரும். இளம் மரத்தில் வெளிறு அதிகம், வைரம் குறைவு. நன்றாக ஸ்டெயினர் ஏற்றிவிட்டால் வெளிறும் வைரமும் ஒரே நிறமாகிவிடும்.

முதிர்ந்த பலா எப்போதும் கிடைத்துவிடும் சமாசாரமும் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் தோப்பு தோப்பாகச் சாய்த்தது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இன்று காய்க்கலாம். வீணைக் குடத்துக்கான பருமனும் வைரமும் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் மரத்தைக் கேட்டு வாங்குவது முன்பைவிட இப்போது முக்கியம்.

எங்கே பார்ப்பது? சாயம் போகாத இடத்தில். பிரடை செருகும் துளைகளின் உட்புறம் பெரும்பாலும் பச்சை மரமாகவே இருக்கும். அங்கே மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் வைரம். வெளுத்திருந்தால் விற்பவரிடம் கேளுங்கள். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணை என்று சொல்லி, ஒட்டு வீணையைவிட அதிக விலை சொன்னால், குடத்திலிருந்து தண்டிக்கு மர ரேகை அறுபடாமல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இருட்டான பூச்சில் ரேகையே தெரியவில்லை என்றால், பாலிஷ் போடுவதற்கு முன்பே ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிடுவது உத்தமம். சொல்லிச் செய்கிற வீணைதானே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்பவர்களுக்கு

சின்ன மணைப்பலகை, பொம்மை என்று வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது பசையில்தான். பசை பட்ட இடம் சாயம் குடிக்காது. உப்புத்தாள் போடும்போது கண்ணுக்குத் தெரியாத பசைத் திட்டு, சாயம் போட்டதும் வெள்ளையாக எழுந்து நிற்கும். ஒட்டியவுடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர்ச் சாயம் என்றால் முதலில் வெறும் தண்ணீரால் மரத்தை நனைத்து, காய வைத்து, எழும் நாரை உப்புத்தாளால் தேய்த்த பிறகே சாயம். பலகையின் வெட்டுமுனை எப்போதும் அதிகம் உறிஞ்சிக் கறுத்துப் போகும். அங்கே சாயத்தை நீர்க்கப் பூச வேண்டும். எதுவானாலும் அதே மரத்தின் துண்டில் முதலில் போட்டுப் பார்க்கவும். தேக்கில் தேன் நிறமாக வருவது, மஞ்சள் பலாவில் வேறாகத்தான் வரும்.

அடுப்பு எரியும் அறையில் ஸ்பிரிட் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

பொறுமை இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆடுதுறை அருகே நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குத் தேடுவது பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, காய்ந்து முற்றிய ஆச்சா மரம். அந்தக் கருமை மரத்தினுடையதே. பலாவையும் நிறமில்லாத பாலிஷ் மட்டும் போட்டு மஞ்சளாகவே வாங்கிக்கொள்ளலாம். குழந்தை வர்ணம் வாசித்துப் பழகுவதற்குள் வீணையும் கொஞ்சம் பழுத்திருக்கும்.