டர்போ காரும் உங்கள் லேப்டாப்பும்: குறைந்த செலவில் ட்யூனிங்

"லெட்டர் டைப் செய்தாகிவிட்டது. படம் பார்த்தாகிவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உங்களிடம் டர்போ இன்ஜின் கொண்ட கார் இருந்தால் இதோ ஒரு வேலை. உங்கள் லேப்டாப்பைக் காரோடு பேச வைக்கலாம். அதனால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகவும் வாய்ப்புண்டு.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் காரைப் பழைய விலைக்கு வாங்கினார். ஒரு மாதம் கழித்து வந்து, "துரைசாமி சப்வே மேட்டுலயே மூச்சு வாங்குது சார். ட்யூனிங் கடையில முப்பதாயிரம் கொடுத்தா கம்ப்யூட்டரை மாத்தி பிக்கப் ஏத்தித் தர்றேன்னு சொல்றாங்க. போட்டுடலாமா?" என்று கேட்டார். "முதலில் உங்கள் கார் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்போம், பிறகு பணம் கொடுக்கலாம்" என்றேன்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இன்றைய கார்களில் இன்ஜினை நடத்துவது இ.சி.யூ. எனப்படும் சிறிய கம்ப்யூட்டர். நம் கம்ப்யூட்டருக்குக் கீ போர்டும் மவுஸும் போல, இதற்குச் சென்சார்கள். காற்றின் அழுத்தம், வெப்பம், இன்ஜின் சுழலும் வேகம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் ஆகியவற்றை ஒவ்வொரு கணமும் படிக்கிறது. பிறகு தன்னிடம் உள்ள அட்டவணைகளைப் பார்த்து, எவ்வளவு எரிபொருள் தர வேண்டும் என்று முடிவு செய்கிறது. இந்த அட்டவணைகளை மேப் என்பார்கள். இவற்றை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்பிங்.

டர்போ என்பது என்ன? புகைக் குழாய் வழியே வீணாக வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போக்கள் நிமிடத்திற்கு 2 லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியவை. அதிகக் காற்று சென்றால் அதிக எரிபொருளை எரிக்கலாம், திறன் கூடும். அந்தக் காற்று வழியில் எங்கேனும் ஒழுகினால் திறன் குறையும். எந்தச் சாப்ட்வேரும் கிழிந்த ஹோஸை ஒட்டாது.

என்ன வாங்க வேண்டும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதுதான் ஓ.பி.டி. சாக்கெட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. இந்தியாவில் ஓ.பி.டி. 2 முறை 2013 ஏப்ரலில் கட்டாயமாகியது. இதில் செருக இ.எல்.எம். 327 வகை அடாப்டர் வேண்டும். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கவும்.

1. லேப்டாப் அல்லது ஆண்ட்ராய்ட் போன் என்றால் புளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் என்றால் வை-ஃபை அல்லது புளூடூத் எல்.இ. வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய வகை புளூடூத் ஐபோனுடன் இணையாது.

2. மலிவானவை எல்லாம் நகல்களே. இந்தச் சிப்பை வடிவமைத்த கனடா நிறுவனமான எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2022ல் மூடப்பட்டது. நகல்களில் சில எல்லாக் கட்டளைகளையும் புரிந்துகொள்ளாது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

3. "செருகினாலே பிக்கப் ஏறும்" என்று விற்கப்படும் சிறு டப்பாக்களை வாங்க வேண்டாம். அப்படிச் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே விளக்கு மின்னும் வேலை மட்டுமே நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

இணைப்பது எப்படி?

அடாப்டரைச் சாக்கெட்டில் செருகுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டேஷ்போர்டில் விளக்குகள் எரியும் அளவுக்குச் சாவியைத் திருப்புங்கள். லேப்டாப்பில் புளூடூத்தை இயக்கிப் புதிய சாதனத்தைத் தேடுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 என டைப் செய்திடுங்கள். இனி ஒரு புரோகிராம் தேவை. விண்டோஸில் ஓ.பி.டி. ஆட்டோ டாக்டர், ஆண்ட்ராய்ட் போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்றவை உள்ளன. அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தோ ப்ளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் டவுண்லோட் செய்யுங்கள். கிராக் செய்யப்பட்ட ட்யூனிங் சாப்ட்வேர் என்று கிடைப்பவற்றில் இலவசமாக வருவது பெரும்பாலும் வைரஸ்தான்.

முதலில் பிழைக் குறியீடுகளைப் படியுங்கள். பி 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. பி 0234 என்றால் அழுத்தம் மிஞ்சுகிறது. பி 0101 என்றால் காற்றின் அளவைச் சொல்லும் சென்சார் தரும் எண் பொருந்தவில்லை. குறியீட்டை நோட்டில் எழுதாமல் அழித்துவிடாதீர்கள். அழித்தால் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமும் போய்விடும்.

அடுத்து லைவ் டேட்டா பகுதியில் இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம் என்ற எண்ணைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது இது வெளிக்காற்றின் அழுத்தமே. கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் சுமார் 100 கிலோ பாஸ்கல் காட்ட வேண்டும். ஊட்டிக்குப் போனால் அதே கார் சுமார் 77 காட்டும். சென்னையில் நின்றுகொண்டு 80 காட்டினால் சென்சாரையே சந்தேகப்படலாம்.

ஓட்டிப் பார்த்து கிராஃப் போடுங்கள்

இந்தச் சோதனையை ஆரிய கவுடா சாலையில் செய்ய முடியாது. அங்கே மூன்றாவது கியருக்கே வேலையில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை போல நெரிசல் இல்லாத இடத்திற்கு, கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லுங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும். லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது.

புரோகிராமில் பதிவு செய்யும் வசதியை இயக்குங்கள். மூன்றாவது கியரில், 1500 சுற்றிலிருந்து 3000 சுற்று வரை, சாலையின் வேக வரம்புக்குள் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இரண்டு முறை போதும். பதிவான தகவலை சி.எஸ்.வி. பைலாகச் சேமித்து, எக்ஸெல் அல்லது லிபர் ஆபீஸ் கால்க் புரோகிராமில் திறந்திடுங்கள். இன்ஜின் சுற்று உள்ள நெட்டு வரிசையையும் அழுத்தம் உள்ள நெட்டு வரிசையையும் தேர்ந்தெடுத்து, ஸ்காட்டர் வகை சார்ட் கேளுங்கள். அழுத்தத்திலிருந்து 100ஐக் கழித்தால் டர்போ தன் பங்காகத் தரும் அழுத்தம் கிடைக்கும்.

நண்பரின் காரில் கோடு 140ஐத் தொட்டுவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. டர்போ கொடுத்தது வெறும் 40. பிழை விளக்கும் எரியவில்லை. மெக்கானிக்கிடம் கிராஃபைக் காட்டினோம். காற்றுக் குழாய்களைக் கழற்றிப் பார்த்தார். ஒரு ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்திற்குக் கிழிசல். சுற்றிலும் ஆயில் கசிவு. ஜி.பி. ரோடு கடையில் புது ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் வாங்கினோம். ஏர் ஃபில்டரும் மாற்றினோம். மறுநாள் போட்ட கிராஃபில் கோடு 200ஐத் தாண்டியது. அந்த முப்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. கிழிசலை அப்படியே விட்டு ரீமேப் செய்திருந்தால், காற்று வராத இன்ஜினுக்குக் கூடுதல் டீசலை ஊற்றிக் கரும்புகைதான் கண்டிருப்போம்.

வெப்பத்தையும் பாருங்கள். உள்ளே செல்லும் காற்று 35 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், அதே அழுத்தத்தில் அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை சுமார் 7.5 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் ட்ராஃபிக்கில் நின்ற கார் சோம்பேறியாவது இதனால்தான். சேறும் பூச்சியும் அடைத்த இன்டர்கூலரைச் சுத்தம் செய்வது செலவில்லாத ட்யூனிங்.

எது முதலில், எது கடைசியில்?

நம் ஊர் கார்களே இதற்குப் பாடம் சொல்கின்றன. பியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அதே இன்ஜின் 2011ல் எஸ்.எக்ஸ். 4 காரில் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் தந்தது. வித்தியாசம் சாப்ட்வேரில் மட்டுமல்ல. அங்கே டர்போவே வேறு வகை.

கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் 2017ல் கூட்டு நிறுவனம் தொடங்கி, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 குதிரைத்திறன். சாதாரண டியாகோ பெட்ரோல் காருக்கு 85தான். இன்ஜினோடு நிறுத்தாமல் கியர் விகிதம், சஸ்பென்ஷன், அகலமான டயர் என எல்லாவற்றையும் மாற்றினார்கள். பி.எஸ். 6 விதி வந்த 2020க்குப் பிறகு அந்தக் கார் தொடரவில்லை. நாம் கற்க வேண்டியது, ஓடும் திறன் கூடினால் நிற்கும் திறனும் கூட வேண்டும் என்பது.

ஆகவே செலவின் வரிசை இது: முதலில் அடாப்டர். அடுத்து ஆயில், ஃபில்டர், ஹோஸ். பிறகு டயரும் பிரேக்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அதுவும். இவை எல்லாம் சரியான பிறகும் போதவில்லை என்றால்தான் ரீமேப்பிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரீமேப்பிங் என்பது பயாஸ் அப்டேட் செய்வது போன்றது. பாதியில் மின்சாரம் நின்றால் இ.சி.யூ. செயலிழக்கலாம். எனவே பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்துத்தான் எழுத வேண்டும். உங்கள் காரின் அசல் பைலை பேக்கப் எடுத்து உங்களிடம் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் கடைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எச்சரிக்கை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாரன்டியும் போகலாம், விபத்தின்போது இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். கையெழுத்துப் போடும் முன் இதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அது பேட்டரியைக் கரைக்கும். 1234 என்ற பாஸ்வேர்டைப் பக்கத்து காரில் இருப்பவரும் அறிவார். வேகமாக ஓட்டி வந்த டர்போ காரை உடனே அணைக்காமல், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சூடான டர்போவுக்கு அதுவரை ஆயில் கிடைக்கும்.

நண்பர் இப்போது மாதம் ஒருமுறை கிராஃப் போட்டு, தேதி வாரியாக ஒரு போல்டரில் சேர்த்து வருகிறார். கோடு தாழ ஆரம்பித்தால் விளக்கு எரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நீங்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கிராஃபைப் போட்டு வைத்திடுங்கள்.