சட்டைப் பைக்கு ஒரு துப்பாக்கி!

துடியலூரில் இருந்து பன்னிமடை வழியாகத் தடாகம் மலையைப் பார்த்துப் போகும் பாதை. பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு தோட்டம். தென்னை மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒரு பெரியவர், அவருடைய மனைவி. இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வருவார்கள்.

மோர் கொடுத்து உட்கார வைத்த பெரியவர், சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, சட்டைப் பையிலே வைக்கிற மாதிரி சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கோணும். எது நல்லதுங்க?"

சிரித்து விடலாம் என்று தோன்றியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் மாதக் கடைசியில், பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் ஆகிய மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீடு. அங்கே வயதான கணவனும் மனைவியும் பிணமாகக் கிடந்தார்கள். கொங்கு நாடே கலங்கிப் போயிற்று. தனித்தனித் தோட்டங்களில் குடியிருக்கும் முதியவர்களுக்குத் துப்பாக்கி லைசென்சு கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது.

பெரியவர் கேட்டதும் அதைத்தான். ஆகவே அவருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கடையில் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் மேஜை நிறையத் துப்பாக்கிகளைப் பரப்பி விடுவார். நம் நாட்டில் அப்படி அல்ல. பட்டாளத்தாரும் போலீசாரும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் போன்ற ரகங்களைப் பொதுமக்கள் சாதாரணமாக வைத்துக் கொள்ள முடியாது. பொதுமக்களுக்கு என்று பெரும்பாலும் கிடைப்பது "பாயிண்ட் 32" ரகம். அதாவது, குழல் வாயின் அகலம் ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சுண்டு விரல் கூட நுழையாது!

வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1980-களின் நடுவில் இருந்து இறக்குமதிக்குக் கதவு அடைபட்டு விட்டது. அதற்கு முன்பு வந்த பழைய ஜெர்மன், ஆங்கிலேயத் துப்பாக்கிகள்தான் ஒரு லைசென்சுதாரரிடம் இருந்து இன்னொருவருக்குக் கை மாறுகின்றன. தேய்ந்து போன பழைய பிஸ்டலுக்கும் லட்சக் கணக்கில் விலை சொல்லுகிறார்கள். பெயருக்குக் கொடுக்கும் விலை அது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

உள்நாட்டில் செய்யும் கைத்துப்பாக்கிகளில் பெயர் பெற்றவை கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வர்கள். 2014 ஜனவரியில் அங்கிருந்து "நிர்பீக்" என்ற ரிவால்வர் வந்தது. "பயம் அற்றவர்" என்று பொருள். டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்சில் ஓர் இளம் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அதன் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக் கொள்ளலாம் என்று சொல்லி வெளியிட்ட துப்பாக்கி அது. எடை அரைக் கிலோ. டைட்டானியம் கலந்த உலோகம். விலை? ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! பஸ்சில் போகும் பெண் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2023 ஆகஸ்டில் அதே கான்பூரில் இருந்து "பிரபல்" என்ற ரிவால்வர் வெளிவந்தது. எடை சுமார் 700 கிராம். குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் திறக்கும். பழைய கான்பூர் ரிவால்வரைக் குழலோடு மடக்கித்தான் திறக்க வேண்டும்.

ரிவால்வரா? பிஸ்டலா?

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் பலர். சினிமாவிலும் இரண்டையும் ஒரே பெயரால்தான் சொல்லுகிறார்கள்.

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கும். அதில் ஆறு தோட்டாக்களைப் போடுவார்கள். விசையை இழுக்க இழுக்க உருளை சுற்றும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடியும் விசையை இழுத்தால் அடுத்த தோட்டா முன்னே வரும். திறந்து பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா, இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்து விடும்.

பிஸ்டலில் உருளை கிடையாது. கைப்பிடிக்குள் ஒரு தகர டப்பி மாதிரி மேகசின் இருக்கும். அதில் தோட்டாக்கள் அடுக்கி இருக்கும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானாகக் குழலுக்குள் ஏறி விடும். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் பையில் புடைக்காது. அதுதான் அதன் கவர்ச்சி.

ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மேகசினை உருவி எடுத்தவுடன், "தோட்டா இல்லை" என்று நினைத்து விடுகிறார்கள். ஆனால் குழலுக்குள் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும்! வெறும் பிஸ்டல் என்று நினைத்து விசையை இழுப்பவர், எதிரே நிற்கும் தன் பிள்ளையைச் சுட்டு விடலாம். துப்பாக்கி பழகியவர்களே இந்த இடத்தில் தவறியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். கான்பூர் ரிவால்வருக்கும் பாயிண்ட் 32. பிஸ்டலுக்கும் பாயிண்ட் 32. ஆனால் தோட்டாக்கள் வேறு வேறு. ஒன்றுக்கு உள்ளது மற்றதற்குச் சேராது. தோட்டா வாங்கப் போகிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பையில் அடங்கும் பிஸ்டலைத் தமிழ்நாடு பரபரப்போடு பேசியது 1911-ல். அந்த ஆண்டு ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக் கொண்டு இறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்த பிரவுனிங் பிஸ்டல். ரெயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆஷை மிக அருகில் நின்று சுட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சின்னத் துப்பாக்கி, பெரிய தொல்லை

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. "சின்னதுன்னா சுலபம்தானுங்களே?" என்றார்.

இல்லை. நேர் எதிர்!

குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பது கடினம். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே இடைவெளி குறைவு. கை ஒரு நூல் அசைந்தாலும் குண்டு எங்கோ போய் விடும். துப்பாக்கி இலேசாக இருந்தால், சுடும்போது கையை உதறித் தள்ளும். கைப்பிடி சின்னது என்பதால் மண்வெட்டி பிடித்த பெரிய கைக்கு அது பிடிபடாது. பெரிய துப்பாக்கியில் பத்து நாளில் வரும் பழக்கம், குட்டித் துப்பாக்கியில் பல மாதம் ஆனாலும் வராது. அதுவும் இருட்டில், தூக்கத்தில் இருந்து எழுந்து, கண்ணாடியைத் தேடிக் கொண்டு!

யானைக்கும் பன்றிக்கும் ஆகுமா என்றும் கேட்டார். மலையடிவாரத் தோட்டம் அல்லவா? இந்தத் துப்பாக்கி யானைக்கு எறும்புக் கடி. சுட்டவர்மேல் வனத்துறை வழக்கு வரும் என்பது வேறு.

ஆகவே, வாங்கத்தான் வேண்டும் என்றால் என் யோசனை இது. பையில் அடங்குகிறதா என்று பார்க்காதீர்கள். கையில் அடங்குகிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்குப் பிஸ்டலை விட ரிவால்வர் மேல். ஆனால் அதன் விசை கெட்டியாக இருக்கும். விரலில் வாதம் உள்ளவர் கடையிலேயே, தோட்டா இல்லாமல், கடைக்காரர் முன்னால் இழுத்துப் பார்த்து விட வேண்டும்.

லைசென்சு கிடைக்குமா?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும். போலீஸ் கமிஷனர் இருக்கும் நகரமானால் கமிஷனரிடம். போலீசார் வந்து விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். 2016-ம் ஆண்டு விதிகளின்படி டாக்டர் சான்றிதழும், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழும் தேவை. பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. உயிருக்கு ஆபத்து இருப்பதை அதிகாரி நம்ப வேண்டும். மறுத்தால் மேல் முறையீடு செய்யலாம்.

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்சு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். கல்யாணத்தில் குஷிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். தேர்தல் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். திருடன் தேர்தல் தேதி பார்த்து வருவதில்லை என்று பெரியவர் முணுமுணுத்தார்!

தாத்தா காலத்துத் துப்பாக்கி பீரோவில் கிடக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்லுவார்கள். தாத்தாவோடு அவருடைய லைசென்சும் போயிற்று. அதை உடனே போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து விட்டு, வாரிசு தன் பெயருக்கு மனுப் போட வேண்டும். சும்மா வைத்திருந்தால் சிறைக்குப் போக நேரிடும். கள்ளத் துப்பாக்கி வாங்குபவர் கதி இன்னும் மோசம்.

மறைத்து எடுத்துப் போகலாமா?

போகலாம். சொல்லப் போனால், மறைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும்! பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறைக்குள்ளோ, பைக்குள்ளோ இருக்க வேண்டும். வெளியே தெரியாமல் முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துப் போகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு சந்தைக்குப் போவது ஆகாது. சாவி விசையில் மாட்டினால் போதும்!

சரி, திருடனைச் சுட்டு விட்டால்? தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைச் சொல்லுகிறது. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனிடம் இருந்து தன்னைக் காத்துக் கொள்ளும்போது அவன் உயிர் போனாலும், அது உரிமைக்குள் அடங்கலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். இருட்டில் வந்தவன் திருடன்தானா? தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரனாக இருந்தால்?

அதுவரை கதவோரம் நின்று கேட்டுக் கொண்டிருந்த அம்மாள் பேசினார்.

"ஏங்கண்ணு, ராத்திரி அதை எங்க வெக்கிறது? தலைமாட்டிலே வெச்சா பேரப் பசங்க எடுப்பாங்க. பீரோவிலே பூட்டி வெச்சா, திருடன் வந்த பொறகு சாவி தேடோணுமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. என்னிடமும் முழுப் பதில் இல்லை. துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று பிரித்துப் பூட்டி வைப்பதுதான் பத்திரம். அப்படிப் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது. குழந்தைகள் வந்து போகும் வீட்டில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். என் வீடாக இருந்தால் பூட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். பூட்டித்தான் வைப்பது என்றால் ஒரு லட்சம் ரூபாய் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கிளம்பும்போது பெரியவர் வாசல் வரை வந்தார். துப்பாக்கிக் கடைக்குப் போவதா, வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. லைசென்சு மனு எங்கே கிடைக்கும் என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக் கொண்டார். தென்னந்தோப்புப் பக்கம் இருட்டாக இருப்பதால் இரண்டு விளக்குப் போட எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். பழைய நாய் செத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. புதுக் குட்டி ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்து அடுத்த வாரம் வருகிறது.