கோவை – சென்னை: வானத்தில் எவ்வளவு, வழியில் எவ்வளவு?

"விமானத்தில் போனால் ஒரு மணி நேரம்தானே" என்று கொள்முதலுக்குச் சென்னை செல்லும் கோவை வணிகர்கள் பலர் கூறக் கேட்கிறோம். இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பீளமேட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ.; ரயில் பாதையில் ஏறக்குறைய 500 கி.மீ. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகம் செல்லும். ஆயினும் பயணம் அரை மணியில் முடிவதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், வேகம் குறைத்து இறங்கவும் ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் குறையாது. ஆகவேதான் அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் காட்டுகிறார்கள்.

வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல அரை மணி, சோதனைகளுக்கு ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, சௌகார்பேட்டை சேர ஒரு மணி. ஆக மொத்தம் நாலரை மணிக்கு மேல். 2023-இல் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் சென்ட்ரலுக்குச் சுமார் 6 மணி. சௌகார்பேட்டை அதன் அருகிலேயே உள்ளது.

இரவு ரயிலில் சென்று மறுநாள் இரவே திரும்பினாலும் கடைக்கு ஒரு நாள்தான் நட்டம். காலை விமானத்தில் சென்று இரவு விமானத்தில் திரும்பினாலும் அதே ஒரு நாள்தான். மிச்சமாவது இரண்டு இரவுத் தூக்கமே. திடீர் அவசரத்துக்கு விமானம் கைகொடுக்கும். வழக்கமான கொள்முதலுக்கு, கூடுதல் கட்டணம் எத்தனை மணி நேரத்தை வாங்கித் தருகிறது என்று பார்த்தே டிக்கெட் எடுப்போம்.