மூளையின் செய்திகளை ஆராய்ந்த விஞ்ஞானி

பழகிய வழியும், பெற்ற மக்களின் முகமும் நினைவினின்று அகன்றுபோகும் கொடிய நோயொன்றை, 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்தார். நோயுற்ற மூளையில் நிகழும் கேட்டினை அறிய வேண்டுமாயின், நலமுள்ள மூளையில் செய்திகள் பரவும் முறையை முதலில் அறிதல் வேண்டும். அப்பணிக்கே தம் வாழ்நாளை அளித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பால் கிரீன்கார்டு ஆவார்.

இவர் 1925-இல் நியூயார்க் நகரில் பிறந்தார். கணிதமும் பௌதிகமும் பயின்றார். ஆயினும், பௌதிக ஆராய்ச்சி அணு ஆயுதங்களுக்குத் துணை போவதை விரும்பாது உயிர்ப் பௌதிகத்தை மேற்கொண்டு, 1953-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

விரைந்த செய்தியும் மெதுவான செய்தியும்

ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தியைச் சேர்ப்பவை சில ரசாயனப் பொருள்கள். அவற்றுட் சில, கதவைத் தட்டியதும் திறப்பதைப் போல், நொடியின் சிறு பகுதியிலேயே பயன் விளைவிக்கின்றன. டோபமைன் போன்றவையோ வேறு வகையின. ஒரு கடிதம் வந்ததும் வீட்டார் ஒருவரையொருவர் ஏவிக் காரியம் முடிப்பதைப் போன்றது அவற்றின் செயல். டோபமைன் அணுவின் புறத்தே படிந்ததும், உள்ளே ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்னும் பொருள் மிகுகிறது. அது ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி சில புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்து அவற்றின் செயலை மாற்றுகிறது. இம்மாறுதல் சில நொடிகள் முதல் பல மணி நேரம் வரை நிலைக்கக்கூடும்.

இக்கருத்தைத் தொடக்கத்தில் பலர் ஏற்கவில்லை. கிரீன்கார்டு 1968 முதல் யேல் பல்கலைக் கழகத்திலும், 1983 முதல் ராக்கஃபெல்லர் பல்கலைக் கழகத்திலும் பொறுமையுடன் சான்று திரட்டினார். 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் வழங்கப்பெற்றது. தம்மை ஈன்றபோதே உயிர்நீத்த அன்னையின் பெயரால், அப்பரிசுப் பணத்தைக் கொண்டு விஞ்ஞானப் பெண்மணிகளுக்கென ஒரு பரிசினை அவர் நிறுவினார்.

மறதி நோய்

அல்ஸைமர் நோயில் ‘அமிலாய்டு பீட்டா’ என்னும் புரதத் துணுக்கு நரம்பணுக்களிடையே படிகின்றது. இது ஒரு பெரிய புரதம் வெட்டப்படுவதால் உண்டாவது. அவ்வெட்டும் முறையையும் பாஸ்பேட் சேர்க்கைச் செயல்கள் மாற்ற வல்லவை என்பதை 1990-களில் அவரது ஆய்வுக்கூடம் காட்டியது. 2019-இல் மறையும் வரை இந்நோயின் காரணத்தை அவர் ஆராய்ந்துவந்தார். 2023-இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெக்கானிமாப் என்னும் மருந்து, அமிலாய்டைக் குறைத்து நோயின் போக்கை ஓரளவு தாமதப்படுத்துகிறதேயன்றி, அதனைத் தீர்ப்பதில்லை.

ஆதலின், முதியோரின் மிகுந்த மறதியை வயதின் இயல்பென்று ஒதுக்கிவிடலாகாது. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவற்றாலும் மறதி நேரலாம். இவை சிகிச்சைக்கு உட்பட்டவை. மருத்துவரிடம் காலத்தே அழைத்துச் செல்லுமாறு குடும்பத்தாருக்கு அறிவுறுத்துவது ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆற்றக்கூடிய நற்பணியாகும்.